கணினிக் கேள்வி–பதில்: முதலில் கீற்று, அப்புறம் துட்டு

‘30 நாள் இலவசம், பிடித்தால் வாங்கலாம்’ என்று வரும் ட்ரையல் சாஃப்ட்வேர்களைப் பற்றி மதுரை வட்டார வாசகர்கள் கேட்டவை இந்த இதழில்.

விளக்குத்தூண் பக்கம் மொத்த ஜவுளி வியாபாரம். “30 நாள் ஓட்டிப் பாருங்க அண்ணாச்சி, பிடிச்சா பணம் கொடுங்க” என்று ஏஜென்ட் ஒரு பில்லிங் சாஃப்ட்வேரைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். 31-ஆம் நாள் நாங்கள் ஏற்றிய கணக்கெல்லாம் அழிந்துவிடுமா?

அழியாது. ஆனால் கைக்கு எட்டாமல் போகலாம். பூட்டு விழுவது சாஃப்ட்வேருக்குத்தான். உங்கள் கணக்கு உங்கள் கணினியின் டிஸ்க்கிலேயே ஒரு கோப்பாகக் கிடக்கும். வீட்டுச் சாவியைப் பறித்துக்கொண்டு, சாமான்களை உள்ளேயே விட்டு வைத்த மாதிரி. பணம் கட்டிச் சாவி வாங்கினால் எல்லாம் அப்படியே இருக்கும். இணையத்தில் ஓடுகிற வகையென்றால் கதை வேறு. கணக்கு அவர்களுடைய சர்வரில் இருக்கும், கெடு முடிந்தபின் எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதை ஏஜென்டிடம் வாயால் கேட்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள்.

ஆகவே முதல் நாள் செய்ய வேண்டிய வேலை பில் போடுவதல்ல. பத்துச் சரக்கு, ஐந்து வாடிக்கையாளர், ஐந்து பில் ஏற்றிவிட்டு, அவற்றை எக்செல்லாகவோ, காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பான சி.எஸ்.வி.யாகவோ வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். சில ட்ரையல்களில் இந்த ஏற்றுமதி வசதியை மட்டும் அடைத்து வைத்திருப்பார்கள். அப்படியென்றால் அந்தச் சாஃப்ட்வேரில் ஆயிரம் சரக்கை ஏற்றுவது, வாங்குவதற்கு முன்பே வாங்கிவிட்டதற்குச் சமம். மறுபடி எல்லாவற்றையும் டைப் அடிக்கும் சலிப்புக்குப் பயந்தே பணத்தைக் கட்டிவிடுவீர்கள்.

எடுத்த சி.எஸ்.வி. கோப்பை நேரடியாக இரண்டு முறை கிளிக் செய்து எக்செல்லில் திறக்க வேண்டாம். தமிழ்ப் பெயர்கள் கிறுக்கலாகத் தெரியக்கூடும். 890 என்று தொடங்கும் 13 இலக்க பார்கோடு எண்கள் 8.9E+12 என்று சுருங்கிவிடும். அந்த நிலையில் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போயே போய்விடும். எக்செல்லில் ‘டேட்டா’ பகுதிக்குப் போய் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்’ வழியாகக் கோப்பைச் சேர்த்து, எழுத்துமுறை 65001 யூனிகோட் என்றும், பார்கோடு, கைபேசி எண் பத்திகளை ‘டெக்ஸ்ட்’ என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கண்ணி ஜி.எஸ்.டி. பில் எண். ஒரு நிதியாண்டுக்குள் ஒரே எண் இரண்டு பில்லில் வரக்கூடாது, 16 எழுத்துக்கு மேல் போகக்கூடாது, வரிசையும் விட்டுப்போகக் கூடாது. ட்ரையலில் நிஜ பில் கொடுத்துவிட்டு, பிறகு உரிமம் வாங்கும்போது ஏஜென்ட் ‘புதுசா ஆரம்பிப்போம்’ என்று எண்ணை 1-லிருந்து தொடங்கினால் அதே எண்கள் திரும்ப வரும். 30 நாளும் பழைய முறையிலேயே வாடிக்கையாளருக்குப் பில் கொடுங்கள். அதே பில்களை மாலையில் ட்ரையலில் ஏற்றி, இரண்டு மொத்தமும் பொருந்துகிறதா என்று பாருங்கள். சரக்குத் திரும்பி வருவது, வரி இரண்டு வீதத்தில் கலந்து வருவது, கடன் பாக்கியில் பாதி வசூலாவது – இந்த மூன்றையும் கட்டாயம் போட்டுப் பாருங்கள். புதிய சாஃப்ட்வேர் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

எல்லாப் பூட்டும் நாள் கணக்கில் இருப்பதில்லை. டாலி என்ற கணக்குச் சாஃப்ட்வேரில் ‘எஜுகேஷனல் மோட்’ என்று ஒன்று உண்டு. அதற்குக் கெடு கிடையாது. ஆனால் மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டுமே வவுச்சர் போட முடியும். படிக்கிறவருக்கு அது போதும், கடை நடத்துகிறவருக்குப் போதாது. நல்ல யோசனைதான்.

திருமங்கலத்தில் கல்லூரி மாணவன். வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேரின் ட்ரையல் முடிந்ததும் கணினியின் தேதியை ஒரு மாதம் பின்னால் தள்ளினேன். இப்போது திறக்கவே மறுக்கிறது. எப்படிக் கண்டுபிடித்தது?

நீங்கள் ஒரு தேதியைத்தான் நினைத்தீர்கள். அது இரண்டைக் குறித்து வைத்திருந்தது. முதன்முதலில் திறந்த நாள் ஒன்று, கடைசியாகத் திறந்த நேரம் இன்னொன்று. இன்றைய தேதி ‘கடைசியாகத் திறந்த’ தேதிக்கு முந்தியதாக இருந்தால் காலம் பின்னோக்கி ஓடியிருக்கிறது என்று அர்த்தம். காலம் அப்படி ஓடாதே! உடனே மிச்ச நாளைப் பூஜ்யமாக்கிவிடும்.

இந்தக் குறிப்புகளை ஒரே இடத்தில் வைப்பதில்லை. விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒன்று, கண்ணுக்கு மறைந்திருக்கும் ‘ப்ரோகிராம் டேட்டா’ ஃபோல்டரில் ஒன்று என்று பிரித்து, படிக்க முடியாதபடி குழப்பி எழுதி வைப்பார்கள். சாஃப்ட்வேரை அன்இன்ஸ்டால் செய்தாலும் இவை போகாது. வேண்டுமென்றேதான் விட்டுவிட்டுப் போகிறார்கள், மறுபடி போட்டால் கெடு புதிதாகத் தொடங்கக் கூடாதே. இணையத்தோடு பேசும் சாஃப்ட்வேர்கள் இதற்கும் ஒரு படி மேல்: மதர்போர்டு எண், டிஸ்க் எண் போன்றவற்றைச் சேர்த்து உங்கள் கணினிக்கு ஒரு ‘கைரேகை’ செய்து சர்வரில் பதிந்துகொள்கின்றன. தேதியையும் உங்கள் கணினியிடம் கேட்பதில்லை, சர்வரிடமே கேட்டுக்கொள்கின்றன.

தப்பே செய்யாதவரும் இந்த வலையில் மாட்டுவதுண்டு. மதர்போர்டில் காசு மாதிரி வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும், சி.ஆர்.2032, 3 வோல்ட். கணினிக்கு மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். இரவில் மெயினை அணைத்துவிட்டுப் போகும் கடைகளில் பேட்டரி தீர்ந்திருந்தால், காலையில் கணினி பல வருஷம் பின்னால் போய் எழுந்திருக்கும். அறிகுறி: பிரவுசர் எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்லை’ என்று சொல்லும், பணம் கட்டி வாங்கிய சாஃப்ட்வேர்கூட ‘உரிமம் செல்லாது’ என்று சொல்லும். ஆள் ஆளுக்கு வைரஸ் என்பார்கள். பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திவிட்டு, பேட்டரியை ‘+’ பக்கம் மேலே தெரியும்படி மாற்றி, கணினி எழும்போது திறக்கும் பயாஸ் திரையில் தேதியைச் சரிசெய்தால் தீர்ந்தது. வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

இதற்கு நேர்மாறான கோளாறு இன்னும் தொல்லை. கடிகாரம் ஒருமுறை தவறி பத்து வருஷம் முன்னால் போய், அந்த நேரத்தில் சாஃப்ட்வேரைத் திறந்திருந்தால், ‘கடைசியாகத் திறந்த தேதி’யாக அது பதிந்துவிடும். பிறகு தேதியைச் சரிசெய்தாலும் நீங்கள் பின்னால் தள்ளியதாகவே கணக்கு. அதை விற்பனையாளர் மட்டுமே அழித்துத் தர முடியும். நடந்ததைச் சொல்லிக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.

உங்களுக்கு ஒரு யோசனை தம்பி: டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரின் இலவசப் பதிப்புக்குக் கெடு இல்லை; கட்டணப் பதிப்புக்கான எஃபெக்டுகளைத் தொடாதவரை வாட்டர்மார்க்கும் (படத்தின் மேல் விழும் முத்திரை) இல்லை. யு.எச்.டி. (4கே) அளவு வரை, நொடிக்கு 60 ஃப்ரேமில் வீடியோவை எக்ஸ்போர்ட் செய்யலாம். கல்லூரிக்கு இது தாராளம். ஆனால் கிராபிக்ஸ் கார்டு பலமாக இருக்க வேண்டும்.

கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் வின்ரார் சாஃப்ட்வேர் ‘40 நாள் முடிந்தது’ என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது, ஆனால் வேலையும் செய்கிறது. பயன்படுத்தலாமா? (கே.கே. நகர்)

வேலை செய்வது வேறு, அனுமதி இருப்பது வேறு. 40 நாளுக்குப் பிறகு வாங்க வேண்டும் அல்லது நீக்க வேண்டும் என்பதுதான் அதன் உரிம ஒப்பந்தம். பூட்டு போடாமல், வாசலில் நின்று ஞாபகப்படுத்துவதோடு நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். வீட்டில் சும்மா அழுத்தி மூடிவிடுபவர் அலுவலகத்துக்குப் போனாலும் அதையே கேட்பார், அலுவலகம் பணம் கட்டி வாங்கும். அந்தக் கணக்கு இதற்குள் இருக்கிறது. அலுவலகக் கணினியில் வாங்காமல் வைத்திருந்தால் தணிக்கையின்போது பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

டோட்டல் கமாண்டர் என்ற கோப்பு மேலாண்மை சாஃப்ட்வேர் இன்னும் குறும்பு. திறக்கும்போதெல்லாம் 1, 2, 3 என்று மூன்று பட்டன் காட்டி, இந்த எண்ணை அழுத்து என்று ஒன்றைச் சொல்லும். எண் மாறிக்கொண்டே இருப்பதால் கை பழகவே பழகாது. ரார் கோப்பைப் பிரிக்க மட்டும்தான் வேண்டுமென்றால் 7-ஜிப் போதும்; அது முழு இலவசம்.

இந்த ‘முதலில் பயன்படுத்து, பிறகு பணம் கொடு’ முறையை யார் தொடங்கினார்கள்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், மேலூர்)

1982-இல் அமெரிக்காவில் இரண்டு பேர், ஒருவரையொருவர் அறியாமலே. ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன் பி.சி.-டாக் என்ற தொலைத்தொடர்பு சாஃப்ட்வேரையும், ஜிம் நாஃப் பி.சி.-ஃபைல் என்ற தகவல் தொகுப்பு சாஃப்ட்வேரையும் ‘நகலெடுத்து நண்பர்களுக்குக் கொடுங்கள், பயன்பட்டால் பணம் அனுப்புங்கள்’ என்ற வேண்டுகோளோடு வெளியிட்டார்கள். ஃப்ளூகல்மன் அதற்கு வைத்த பெயர் ‘ஃப்ரீவேர்’. அதை வணிகச் சின்னமாகவும் உரிமை கொண்டாடினார். ஆகவே மற்றவர்களுக்கு வேறு சொல் தேவைப்பட்டது. 1983-இல் பி.சி.-ரைட் என்ற எழுத்துச் சாஃப்ட்வேரை வெளியிட்ட பாப் வாலஸ் ‘ஷேர்வேர்’ என்ற சொல்லைப் பரப்பினார். மைக்ரோசாஃப்ட்டின் ஆரம்பகால ஊழியர்களில் ஒருவர் அவர்.

வாலஸ் செய்த ஏற்பாடு நம்மூர்க் கமிஷன் மண்டிக்காரர்களுக்கு உடனே புரியும். 75 டாலர் கட்டிப் பதிவு செய்தவருக்கு ஒரு எண் கொண்ட பிரதி. அந்தப் பிரதியை நகலெடுத்து வாங்கியவர் யாராவது பணம் கட்டினால், முதல் ஆளுக்கு 25 டாலர். நகலெடுப்பவனைத் திருடனாகப் பார்க்காமல் ஏஜென்டாக ஆக்கிவிட்டார்.

ஃப்ளாப்பியில் நகலெடுக்கச் செலவு அற்பம், கடையில் பெட்டியாக வைத்து விற்கச் செலவு அதிகம் என்பதால் இது எடுபட்டது. கணினி விளையாட்டு தயாரித்தவர்கள் இதில் ஒரு திருத்தம் செய்தார்கள். முழு விளையாட்டையும் கொடுத்துக் கெஞ்சுவதற்குப் பதிலாக முதல் பாகத்தை மட்டும் இலவசமாகக் கொடுப்பது. 1993 டிசம்பர் 10 அன்று வெளிவந்த டூம் அப்படித்தான்: 27 கட்டங்களில் முதல் ஒன்பது இலவசம், மீதி பணத்துக்கு. சிம்மக்கல் பழக்கடையில் மாம்பழக் கீற்று ஒன்றை அறுத்து நீட்டுவார்களே, அதே உத்தி. கீற்றுக்குப் பூட்டு தேவையில்லை. மீதிப் பழம்தான் கையில் இல்லையே.

உசிலம்பட்டியில் ஸ்டூடியோ. கல்யாண ஆல்பம் டிசைன் சாஃப்ட்வேரின் ட்ரையலில் 40 பக்கம் செய்துவிட்டேன், எல்லாப் பக்கத்திலும் வாட்டர்மார்க். உரிமம் வாங்கினால் அது தானாகப் போகுமா?

ஏற்கெனவே வெளியே எடுத்த ஜே.பி.ஜி. படங்களில் இருந்து போகாது. படத்தோடு படமாக அது கலந்துவிட்டது. சாஃப்ட்வேரின் சொந்த வடிவத்தில் சேமித்த ப்ராஜெக்ட் கோப்பு இருந்தால் தப்பித்தீர்கள். உரிமம் போட்டபின் அதைத் திறந்து மறுபடி எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அந்தக் கோப்பு மூலப் படங்களைத் தனக்குள் வைத்திருக்காமல், அவை இருக்கும் ஃபோல்டரை மட்டும் ஞாபகம் வைத்திருக்கும் வகையாக இருக்கலாம். இடையில் படங்களை வேறு டிரைவுக்கு மாற்றிவிடாதீர்கள். லேபுக்கு அனுப்புமுன் ஒரே ஒரு பக்கத்தை எடுத்து, 100 சதவீத அளவில் மூலைகளைப் பாருங்கள். சில சாஃப்ட்வேர்கள் ட்ரையலில் தெளிவையும் குறைத்துவிடும்.

கோரல்டிரா என்ற டிசைன் சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்களுக்கும் இதையொட்டி ஒன்று. புதிய பதிப்பின் ட்ரையலில் சேமித்த கோப்பு, ட்ரையல் முடிந்தபின் உங்களிடம் இருக்கும் பழைய பதிப்பில் திறக்காது. சேமிக்கும்போதே பழைய பதிப்பு எண்ணைத் தேர்ந்தெடுங்கள். பத்திரிகை அடிக்கக் கொடுத்த வேலை முகூர்த்த வாரத்தில் இப்படி மாட்டிக்கொண்டால் பாவம் நீங்கள்தான்.

சோழவந்தான். என் மகன் கைபேசியில் ‘3 நாள் இலவசம்’ என்று ஒரு ஆப் போட்டான். 2 ரூபாய்தான் கேட்டது. பிறகு ஆப்பை அழித்துவிட்டோம். ஆனாலும் ஒரு வருஷக் கட்டணம் கணக்கில் கழிந்துவிட்டது. ஓ.டி.பி.யும் வரவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?

அம்மா, அந்த 2 ரூபாய் கட்டணமல்ல, கையெழுத்து. அதற்காக யு.பி.ஐ. பின் எண்ணைப் போட்டபோதே ‘ஆட்டோபே’ என்ற நிரந்தர அனுமதி கொடுத்தாகிவிட்டது. அந்தத் திரையில் அதிகபட்சத் தொகை, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எப்போது வரை என்று மூன்றும் எழுதியிருக்கும். பெரிய எழுத்தில் 2 ரூபாய் மட்டும் தெரியும். ரிசர்வ் வங்கி விதிப்படி இப்படித் தொடர்ந்து கழிவதில் 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. தேவையில்லை. ஆனால் கழிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். உங்கள் எஸ்.எம்.எஸ்.களில் தேடுங்கள், விளம்பரங்களுக்கு நடுவே இருக்கலாம்.

ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. கேஸ் அடுப்பை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு சிலிண்டரைத் திறந்தே வைத்த மாதிரி. பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே உங்கள் படத்தைத் தொட்டு, ‘பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’, அதில் ‘சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’, அந்த ஆப்பின் பெயர், ‘கேன்சல்’ – இந்த வழியில் போங்கள். அங்கே பெயர் இல்லையென்றால் பணம் கூகுள் வழியாகப் போகவில்லை; நீங்கள் பணம் அனுப்பும் யு.பி.ஐ. ஆப்பில் ‘ஆட்டோபே’ பகுதிக்குப் போய் அந்த அனுமதியை ரத்து செய்யுங்கள். வீட்டில் இரண்டு யு.பி.ஐ. ஆப் இருந்தால் எதில் கொடுத்தீர்களோ அதில்தான் பார்க்க வேண்டும்.

கழிந்த பணம்: பிளே ஸ்டோர் வழியாகப் போயிருந்து 48 மணி நேரம் தாண்டாவிட்டால் கூகுளிடமே ரீஃபண்ட் கேளுங்கள், வாய்ப்பு அதிகம். தாண்டிவிட்டால் ஆப் தயாரித்தவருக்கு எழுத வேண்டும். வருஷக் கட்டணம் என்பதால் விட்டுவிடாமல் எழுதுங்கள். முன்தகவலே வராமல் வங்கி கழித்திருந்தால் வங்கியில் எழுத்துப் புகார் கொடுங்கள். இனி இலவசம் எடுத்த அன்றே கேன்சல் செய்துவிடச் சொல்லுங்கள் மகனிடம். பிளே ஸ்டோரில் பெரும்பாலும் மிச்ச நாள் அப்படியே ஓடும். ஐபோனில் கெடுவுக்கு 24 மணி நேரம் முன்பே ரத்து செய்தாக வேண்டும்.

செல்லூரில் டி.டி.பி. வைத்திருக்கிறேன். ட்ரையல் முடிந்ததும் சர்வீஸ்காரர் ‘கிராக்’ போட்டுத் தருகிறார். ஆன்ட்டிவைரஸை மட்டும் நிறுத்தச் சொல்கிறார். அதில் என்ன ஆபத்து?

காவல்காரனைத் தூங்கவைத்துவிட்டுக் கதவைத் திறக்கச் சொல்கிறார். சாஃப்ட்வேரின் பூட்டை உடைக்கும் கோப்பும் வைரஸும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: இன்னொரு சாஃப்ட்வேரின் உள்ளே கைவைப்பது. ஆகவே ஆன்ட்டிவைரஸ் இரண்டையும் பிடிக்கும். ‘கிராக் என்றால் அப்படித்தான் கத்தும்’ என்று எல்லோரும் பழகிவிட்டதால், நிஜ வைரஸை அதற்குள் வைத்து அனுப்புவது வசதியாகிவிட்டது. ஸ்டாப்–டிஜேவியு என்ற ரான்சம்வேர் பரவியதே பெரும்பாலும் இப்படிப்பட்ட கிராக்குகள் வழியாகத்தான். அது உங்கள் கோப்புகளை எல்லாம் பூட்டிப் பணம் கேட்கும். சத்தம் போடாத வகை ஒன்றும் உண்டு: பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும், லாகின் செய்த நிலையைக் குறிக்கும் குக்கிகளையும் அள்ளிக்கொண்டு போகும். அந்தக் குக்கி கிடைத்தவனுக்கு பாஸ்வேர்டும் வேண்டாம், ஓ.டி.பி.யும் வேண்டாம்.

சட்டமும் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. மாட்டுவது போட்டுக் கொடுத்தவர் மட்டுமல்ல, பயன்படுத்துகிறவரும்தான்.

வாங்கக் கட்டுப்படியாகாவிட்டால் வரைய இங்க்ஸ்கேப், படம் திருத்த கிம்ப், கடிதம்–கணக்குக்கு லிப்ரே ஆபிஸ், பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ் – நான்கும் இலவசம். ஸ்கிரைபஸ் போடும்போது 1.6 பதிப்பையோ அதற்குப் பிந்தியதையோ போடுங்கள். பழைய 1.4-இல் தமிழ் யூனிகோடு சரியாகக் கோத்து வராது, கொம்பு ஓரிடம் எழுத்து ஓரிடம் நிற்கும்.

ஒத்தக்கடை. சீட்டுக் கம்பெனிகளுக்குக் கணக்குச் சாஃப்ட்வேர் எழுதியிருக்கிறேன். ட்ரையலாகக் கொடுத்து விற்க ஆசை. எத்தனை நாள் கொடுப்பது? பூட்டு எப்படிப் போடுவது?

நாளை எண்ணாதீர்கள், ஏலத்தை எண்ணுங்கள். சீட்டு ஏலம் மாதம் ஒருமுறை. 30 நாள் கொடுத்தால் வாங்குபவர் ஒரே ஒரு ஏலத்தைத்தான் பார்ப்பார். தள்ளு, கமிஷன், ஆளுக்குப் பங்கு எல்லாம் அந்த ஒரு மாதம் சரியாக வந்தாலும், தவணை பாக்கி வைத்தவர் கணக்கு அடுத்த மாதம்தானே தெரியும்? மூன்று ஏலம் வரை இலவசம் என்று வையுங்கள். தேதியைத் தள்ளி ஏமாற்றும் பிரச்சினையும் அதோடு போயிற்று.

உரிம எண்ணை ‘பெயரிலிருந்து கணக்குப் போட்டு வரும் எண்’ ஆக்க வேண்டாம். கணக்கு உங்கள் சாஃப்ட்வேருக்குள்ளேயே இருப்பதால் அதைப் பிரித்துப் பார்ப்பவன் தானே எண் தயாரித்துக்கொள்வான். இரட்டைச் சாவி முறையில், அதாவது ஆர்.எஸ்.ஏ. போன்ற டிஜிட்டல் கையெழுத்தில் செய்யுங்கள்: கையெழுத்திடும் சாவி உங்கள் வீட்டுக் கணினியில் மட்டும், சரிபார்க்கும் சாவி சாஃப்ட்வேருக்குள். உரிமக் கோப்பில் கம்பெனி பெயர், ஊர், கணினியின் அடையாள எண், இவை மூன்றின் மீதும் கையெழுத்து. ஒவ்வொரு ரசீதிலும் கம்பெனி பெயர் உரிமத்திலிருந்தே அச்சாகட்டும். வேறொருவர் பெயர் அச்சாகும் ரசீதை எந்தச் சீட்டுக்காரரும் சந்தாதாரரிடம் நீட்ட மாட்டார்.

அடையாள எண்ணை டிஸ்க்கை மட்டும் வைத்து எடுக்காதீர்கள். கணினி மெதுவாகிவிட்டது என்று ஹார்டு டிஸ்க்கை மாற்றி எஸ்.எஸ்.டி. போடுவது இப்போது எல்லா ஊரிலும் நடக்கிறது. மறுநாள் காலை ஏலத்தன்று உங்களுக்கு போன் வரும். மதர்போர்டு, டிஸ்க், நெட்வொர்க் கார்டு மூன்றில் இரண்டு பொருந்தினால் போதும் என்று எழுதுங்கள். இணையம் இல்லாத இடத்துக்கு, திரையில் வரும் கோரிக்கை எண்ணை போனில் படித்துக் காட்டி மறு எண் வாங்கும் வழியும் வையுங்கள். அந்த எண்ணில் ஓ, பூஜ்யம், ஐ, ஒன்று போலக் குழப்பும் எழுத்துகள் வேண்டாம். போனில் படிக்கும்போது பாதித் தவறு அங்கேதான் வரும்.

கெடு முடிந்தால் புதிய ஏலப் பதிவை மட்டும் நிறுத்துங்கள். பழைய கணக்கைப் பார்ப்பது, அச்செடுப்பது, எக்செல்லாக வெளியே எடுப்பது மூன்றும் என்றைக்கும் திறந்திருக்கட்டும். ஊரார் பணம் அது. பூட்டி வைத்துக்கொண்டு விலை பேசினீர்கள் என்றால் பக்கத்துச் சீட்டுக் கம்பெனிக்கு அந்தச் சேதி உங்களுக்கு முன்னால் போய்ச் சேரும்.